விசில் வரும் வரை

1

நான் வேலை செய்யும் பல்கலைக்கழக மைதானத்தின் ஓரத்தில் ஒரு கம்பம் இருக்கிறது. கோடை முழுவதும் அதில் ஒரு கொடி பறக்கும். பச்சை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று நான்கு கொடிகள் வைத்திருக்கிறார்கள். மருத்துவ அறையில் வேலை பார்க்கும் ஒரு பெண் அரைமணிக்கு ஒருமுறை முக்காலியில் நிற்கும் வெப்பம் அளக்கும் கருவியைப் பார்த்துவிட்டு எந்தக் கொடி என்று சொல்வாள். ஏற்றுவது என் வேலை. கறுப்பு ஏறினால் விளையாட்டுக்காரர்கள் யாரும் வெளியே ஓடக்கூடாது.

இது டெக்சாஸ். வெயில் நம் சேலத்து வெயிலுக்குச் சளைத்ததல்ல. இங்கே ஃபுட்பால் என்றால் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவது. அந்த அணியின் கோச் ஊருக்கே பெரிய மனிதர். நெடுஞ்சாலைப் பலகையில் அவர் முகம் இருக்கிறது. என் மனைவியின் அண்ணன்கூட அவர் பெயரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவார்.

போன ஆகஸ்டில், முதல் ஆட்டத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது, மத்தியானம் மூன்று மணிக்கு அந்தப் பெண் கறுப்பு என்றாள். ஏற்றினேன். கோச் மைதானத்தின் நடுவிலிருந்து வேகமாக வந்தார். முகம் சிவந்திருந்தது. அவள் அவர் மார்பு உயரம்கூட இல்லை. இருபத்தைந்து வயது இருக்கலாம். கருவியைக் காட்டி இரண்டே வரி சொன்னாள். அவர் கொடியைப் பார்த்தார். பிறகு விசிலை எடுத்து ஊதினார். நூறு பையன்கள் உள்ளே போனார்கள்.

நான் கயிற்றை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்தேன். வெயிலில் மயக்கம் என்று நினைத்து என் மேலாளர் நிழலுக்கு இழுத்துப்போய்த் தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்தார். குடிக்க முடியவில்லை.

அவ்வளவுதானா என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நிற்கிற ஒருவர் வேண்டாம் என்று சொன்னால் போதுமா?

2

என் பெயர் மாதேசு. திருச்செங்கோட்டுப் பக்கம். ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். எங்கள் ஊருக்கு அருகில் உள்ள ஒரு கல்லூரியில் பதினாறு வருடம் மைதானக்காரனாக இருந்தேன். புல் வெட்டுவது, சுண்ணாம்புக் கோடு போடுவது, வலை கட்டுவது, தண்ணீர் விடுவது. சாயங்காலத்தில் நூலகத்தைக் கூட்டும் வேலையும் என்னுடையது. எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தவன் நன்றாகப் படிக்கக் கற்றது அங்கே கிடந்த செய்தித்தாள்களில்தான்.

என் மனைவி லட்சுமியின் அண்ணன் இங்கே இன்ஜினியர். தங்கை குடும்பத்தை அழைத்துக்கொள்ள அவர் போட்ட மனு பன்னிரண்டு வருடம் ஏதோ ஒரு மேசையில் கிடந்தது. மறந்தே போயிருந்தோம். எங்கள் மகள் தர்ஷினிக்கு ஒன்பது வயதாகும்போது, வரலாம் என்று கடிதம் வந்தது. வந்து ஒன்பது வருடமாகிறது.

நம் ஊரில் அப்பா பெயரின் முதலெழுத்தைத்தான் போடுவோம். இங்கே முழுப்பெயர் இரண்டாக வேண்டும் என்றார்கள். செங்கோடன் மாதேசு என்று எழுதிக் கொடுத்தேன். அட்டையில் அப்பா பெயர் என் பெயராக ஏறிவிட்டது. திருத்தப் போனால் பாஸ்போர்ட்டைத் திருத்து என்றார்கள், அதைத் திருத்தப் போனால் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். நான் பிறந்தபோது யாரும் எதையும் எழுதி வைக்கவில்லை. விட்டுவிட்டேன். ஒன்பது வருடமாக என்னை இங்கே எல்லோரும் 'செங்கோ' என்கிறார்கள். செத்துப்போன அப்பாவைக் கூப்பிட்டு வேலை ஏவுவதுபோல இருக்கும். ஒருவிதத்தில் அது எனக்குச் சௌகரியமாகவும் இருந்தது. மாதேசு என்பவன் செய்ததை இந்த ஊரில் யாரும் கேட்க முடியாது.

கொடி ஏற்றிய அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் சேகரன் போன் செய்தான். எங்கள் கல்லூரி அணியில் கோல்கீப்பராக இருந்தவன். லாரி கிளீனரின் மகன். இப்போது போலீசில் எஸ்.ஐ.

"மாதேஸண்ணா, அங்கியும் கோடுதான் போடறீங்களாமா?"

"ஆமா சாமி. ஆனா சுண்ணாம்பு இல்ல, பெயிண்டு."

"பெயிண்டா! நம்ம கோச்சு கேட்டா மயங்கி உழுந்துருவாரு. ஒரு மூட்டை சுண்ணாம்ப வச்சு ஒரு சீசனையே ஓட்டுன மனுசன்."

சிரித்தோம். பிறகு விஷயத்தைச் சொன்னான். கோச் தங்கவேலு சாருக்கு எழுபது வயது முடிகிறது. மைதானத்துக்கு அவர் பெயர் வைக்கிறார்கள். கல்வெட்டு தயார். விழாவுக்கு ஒரு மலர் போடுகிறார்கள்.

"நீங்க ரெண்டு பக்கம் எழுதோணுங்ண்ணா. அவருகூடப் பதினாறு வருசம் இருந்தது நீங்க மட்டுந்தான்."

"எனக்கென்ன எழுதத் தெரியும்?"

"தெரிஞ்சத எழுதுங்க."

வைக்கப் போனவன், ஏதோ ஞாபகம் வந்தவனாக, இன்னொன்றையும் சொன்னான்.

"அந்தக் கெங்கவல்லிப் பையன் ஊட்டுக்கும் போய்ப் பத்திரிகை வச்சுட்டு வந்தேன். மணிவேலு அம்மா வாரேன்னு சொல்லுச்சு. மேடையில கோச்சுகிட்ட மன்னிப்புக் கேக்கோணுமாமா. பையனுக்கு நெஞ்சுல கோளாறு இருந்தது தெரியாம ஆட அனுப்பி, சாருக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேன்னு அழுவுது. தங்கச்சி ஒண்ணு இருக்குதுங்ண்ணா, சுமதின்னு. ரெண்டு எடத்துல பேசி, கடைசியில வேண்டாம்னுட்டாங்களாம். நெஞ்சுக்கோளாறு வம்சம்னு."

"எப்ப விழா?"

"இன்னும் மூணு வாரம்."

மணிவேலுக்கு நெஞ்சில் எந்தக் கோளாறும் இல்லை. அது எனக்குத் தெரியும். சேகரனுக்கும் தெரியும்.

3

முதலில் மலருக்கென்று இரண்டு பக்கம் எழுதினேன். அதில் ஒரு வரியும் பொய்யில்லை. அதையே இங்கும் சொல்கிறேன்.

தங்கவேலு சார் ஆட்டையாம்பட்டிக்காரர். நெசவு வீடு. பன்னிரண்டு வயதிலிருந்து தறிக்குழியில் கால் வைத்தவர். "இந்தக் காலு மிதிச்சுப் பழகுன காலு, நிக்காது" என்று தொடையைத் தட்டிக் காட்டுவார். வெறுங்காலோடு ஆடி ஒரு மில் அணியில் சேர்ந்தார். முழங்கால் போன பிறகு உடற்பயிற்சி ஆசிரியருக்குப் படித்து எங்கள் கல்லூரிக்கு வந்தார். அப்போது அது மைதானமே இல்லை, வேலிக்காத்தான் முளைத்த கல்லாங்காடு. முதல் வருடம் பந்தைத் தொடவிடவில்லையாம். பையன்களை வரிசையாக உட்கார வைத்துக் கல் பொறுக்கச் சொன்னாராம். அவரும் உட்கார்ந்து பொறுக்கினாராம்.

நான் வேலைக்குச் சேர்ந்த வருடம்தான் பல்கலைக்கழகக் கோப்பை முதல்முறை வந்தது. அதற்குப் பிறகு அது எங்கள் கல்லூரி அலமாரியை விட்டு நகர்ந்தது மிகக் குறைவு. பெரிய நகரத்துக் கல்லூரிகள் பேருந்தில் வந்து, மூன்று கோல் நான்கு கோல் வாங்கிக்கொண்டு, திரும்பிப் போகும்போது சத்தமில்லாமல் போகும்.

விடுதிச் சாப்பாடு போதாது என்று அவரே ஒரு கோழிப்பண்ணைக்காரரிடம் பேசி உடைசல் முட்டைகளை வாங்கினார். லேசாகக் கீறல் விழுந்து லாரியில் ஏற்ற முடியாத முட்டைகள். தினமும் சாயங்காலம் முட்டை வண்டி மைதானத்துக்கு வரும். அண்டாவில் அவித்து ஆளுக்கு நான்கு. ஒருவன் கூடுதலாக ஒன்று எடுத்தால், "ஏன்டா, பொரிக்க வைக்கப் போறயா?" என்பார்.

கூலிக்காரர் பையன்கள், களை வெட்டுகிறவர் பையன்கள் எத்தனையோ பேர் அவரால் ரயில்வேக்கும் போலீசுக்கும் போனார்கள். வேலை உத்தரவு வந்தால் பையன் முதலில் கொண்டுவந்து காட்டுவது அவரிடம்தான். வாங்கி முழுசாகப் படித்துவிட்டு, "ஊட்டுக்குப் பணம் அனுப்பு. கல்யாணத்துக்கு மட்டும் என்னக் கூப்புடாத, எனக்குப் பந்தியில உக்காந்தா முழங்காலு மடங்காது" என்பார்.

தர்ஷினி பிறந்தபோது லட்சுமிக்கு ரத்தம் நிற்கவில்லை. சேலத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அழுதுகொண்டிருந்தேன். எப்படிக் கேள்விப்பட்டாரோ, விடிவதற்குள் நான்கு பையன்களைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். "சட்டையக் கழட்டுங்கடா" என்று அவர் சொன்னதும், நர்ஸ், "கைய மடிச்சாப் போதுங்க" என்றாள். அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. என் மனைவி உயிரோடு இருப்பது அவரால்.

இதுதான் இரண்டு பக்கம். எழுதி முடித்துப் பேனாவை மூடினேன். பிறகு மூன்றாவது பக்கத்தை எடுத்தேன்.

4

கோடை விடுமுறையில் முகாம் நடக்கும். மத்தியானம் மூன்று மணி வெயிலில் தொடங்கி ஐந்து மணிவரை. ஐந்து மணிக்குக் கோச் நீளமாக ஒரு விசில் ஊதுவார். அதுவரை தண்ணீர் கிடையாது.

"தண்ணி குடிச்சவன் பந்துக்கு ஓடமாட்டான், ஒண்ணுக்குப் போகத்தான் ஓடுவான்" என்பார். அவருக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தவர் அப்படித்தான் பழக்கினாராம். அவர் பழகியதுதான் எங்களுக்கும் வழக்கம்.

வேப்பமரத்தடியில் வரிசையாக ஆறு குழாய்கள் இருந்தன. பந்து எடுக்கப் போகிற சாக்கில் பையன்கள் ஒரு வாய் பிடித்துவிடுவார்கள். அதற்காக அவர் ஓர் ஏற்பாடு செய்தார். தொட்டியிலிருந்து வரும் குழாய்க்கு மோட்டார் ரூமுக்குள் ஒரு வால்வு இருந்தது. மூன்று மணிக்கு நான் அதை மூடி அறையைப் பூட்டவேண்டும். ஐந்து மணி விசில் கேட்டால் திறக்கவேண்டும். விசில் கேட்காமல் திறக்கக்கூடாது. ஒருமுறை ஒரு பையன் மயங்கி விழுந்தான் என்று சீக்கிரம் திறந்துவிட்டேன். கோச் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. எல்லோர் முன்னாலும் தன் கழுத்து விசிலைக் கழற்றி என் கழுத்தில் போட்டு, "இன்னைக்கிருந்து மாதேசுதான்டா கோச்சு" என்றார். பையன்கள் கைதட்டினார்கள். நான் கூச்சக்காரன். நான்கு பேர் என்னைப் பார்த்தாலே எனக்கு வேர்க்கும். அதற்குப் பிறகு நான் விசில் வரும்வரை வால்வைத் தொட்டதில்லை.

உண்மையைச் சொன்னால், எனக்கு அதில் பெருமையும் இருந்தது. வெளியூர்க் கோச்சுகள் பார்க்க வந்தால் தங்கவேலு சார் என்னைக் காட்டி, "சாவி இவங்கிட்ட இருக்குது. ஆண்டவனே வந்து கேட்டாலும் தொறக்கமாட்டான்" என்பார்.

5

பதினோரு வருடத்துக்கு முன்னால், சித்திரை மாதம். மணிவேலு இரண்டாம் ஆண்டு மாணவன். கெங்கவல்லியில் அவர்களுக்குக் கொஞ்சம் மரவள்ளிக் காடு. அப்பா இல்லை. அம்மா அஞ்சலையும் தங்கையும்தான். இடது ஓரத்தில் ஆடுவான். ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிடம் எல்லோரும் நாக்குத் தள்ளி நிற்கும்போது இவன் மட்டும் ஓடிக்கொண்டிருப்பான்.

அன்று நாலேகாலுக்குத் தாளாளர் அறையிலிருந்து ஆள் வந்தது. வெளியூரிலிருந்து யாரோ பெரிய மனிதர்கள் கோச்சைப் பாராட்ட வந்திருக்கிறார்கள். "நான் வர்ற வரைக்கும் நிக்காம ஓடுங்கடா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐந்து மணி ஆயிற்று. விசில் வரவில்லை. கழுத்தில் விசிலோடு கோச் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார். பையன்கள் ஓடினார்கள். நிற்கலாம் என்று ஒருவனும் நினைக்கவில்லை. அவர் ஜன்னல் வழியாகப் பார்ப்பார் என்ற நினைப்பு எல்லோருக்கும் இருந்தது.

ஐந்தே கால் இருக்கும். மணிவேலு ஓட்டத்தை விட்டு விலகி மோட்டார் ரூம் வாசலுக்கு வந்தான். நான் படியில் உட்கார்ந்திருந்தேன். அவன் முகத்தில் வேர்வை இல்லை. காய்ந்திருந்தது. வேர்வை நின்றால் ஆபத்து என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது.

"அண்ணா, கொஞ்சம் தொறந்து வுடுங்க."

"விசில் வரட்டும் சாமி. அஞ்சு நிமிசம்."

"ஒரு வாய்ண்ணா."

"கோச்சு வந்துருவாரு. போ, அஞ்சே நிமிசம்."

அவன் என்னோடு சண்டை போடவில்லை. தலையாட்டிவிட்டுத் திரும்பப் போனான். அவன் போனதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டைப்பையில் சாவி இருந்தது.

ஐந்தே முக்காலுக்கு விழுந்தான். ஓடிப்போய்ப் பார்த்தபோது கண் திறந்திருந்தது, ஏதேதோ பேசினான். மரவள்ளிக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவன்போல, மடையைத் திருப்பு, மடையைத் திருப்பு என்றான். உடம்பு தொட முடியாமல் கொதித்தது. அப்போதுதான் போய் வால்வைத் திறந்தேன். ஆறு குழாயிலும் தண்ணீர் கொட்டியது. குடத்தில் பிடித்து அவன்மேல் ஊற்றினோம். சேகரன் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "டேய் மணி, டேய்" என்று கத்திக்கொண்டிருந்தான்.

முட்டை வண்டி அப்போதுதான் வந்து நின்றது. தட்டுகளை இறக்கக்கூட நேரமில்லை. நடுவில் இடம் பண்ணி அவனைப் படுக்க வைத்தோம். கோச் ஓடிவந்தார். தோளில் யாரோ போர்த்திய பொன்னாடை அப்படியே இருந்தது. வண்டியில் ஏறிக்கொண்டார்.

திருச்செங்கோடு போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

6

இதயம் நின்றதால் மரணம் என்று சீட்டில் எழுதியிருந்தது. யாருக்கும் கடைசியில் நிற்பது அதுதான். ஆனால் கல்லூரி அதைப் பிடித்துக்கொண்டது. பையனுக்கு முன்பே கோளாறு இருந்திருக்கிறது, வீட்டில் மறைத்துவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பியது. இரண்டே நாளில் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள்.

விசாரணைக்கு எங்கள் எல்லோரிடமும் எழுதி வாங்கினார்கள். என்னுடையதை ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார்கள். கிளார்க் எனக்குப் படிக்கத் தெரியாது என்று நினைத்துச் சத்தமாகப் படித்துக் காட்டினார். நான் அவர் தோளுக்கு மேலாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'பயிற்சி நேரம் முழுவதும் குழாய்களில் குடிநீர் வந்துகொண்டிருந்தது' என்று மூன்றாவது வரியில் இருந்தது. கோச் ஜன்னலோரம் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். யாரும் என்னை மிரட்டவில்லை. யாரும் என்னிடம் கெஞ்சவும் இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

பையன்களும் போட்டார்கள். அவர்களுக்கு வேலைக்குத் தேர்வுகள் இருந்தன.

அஞ்சலை அம்மா கல்லூரிக்கு வந்தது ஒரே ஒருமுறை. மகனின் பெட்டியை வாங்கிக்கொண்டு போக. மைதானத்தைப் பார்க்கவேண்டும் என்று கேட்டாள். நான்தான் கூட்டிப்போனேன். வேப்பமரத்தடியில் நின்று ஒரு குழாயைத் திறந்து முகம் கழுவிக்கொண்டாள். "தண்ணி நல்லா இருக்குதுப்பா, எங்கூர்ல உப்பு" என்றாள்.

மணிவேலு போனதற்குப் பிறகு கோச் வால்வை மூடச் சொல்லவில்லை. அதைப்பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. மறுநாளிலிருந்து வெறுமனே விட்டுவிட்டார். பையன்கள் வேண்டும்போது குடித்தார்கள். அடுத்த இரண்டு வருடமும் கோப்பை எங்களுக்குத்தான் வந்தது. தண்ணீர் குடித்தும் ஜெயித்தார்கள். நான் இந்த ஊருக்கு விமானம் ஏறியபோது அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

7

இங்கே மைதான வேலைக்காரர்களுக்கு வருடா வருடம் வெயில் பாடம் உண்டு. கம்ப்யூட்டரில் படித்துக் கடைசியில் திரையில் விரலால் கையெழுத்துப் போடவேண்டும். தர்ஷினிதான் படித்துச் சொல்வாள். பதினெட்டு வயதாகிறது. கல்லூரிக்குப் போகிறாள். லட்சுமியோடு தமிழில் சண்டை போடுவாள், என்னோடு பேசுவதே குறைவு. நான் பேசினால்தானே அவள் பேசுவதற்கு. அவள் தமிழ் ஒன்பது வயதுப் பிள்ளையின் தமிழாக அப்படியே நின்றுபோயிருக்கிறது.

இந்தமுறை, விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது, சமையலறை மேசையில் உட்கார்ந்து படித்தாள்.

"யாரு தண்ணி கேட்டாலும் குடுக்கணும். குடுக்காதன்னு பெரியவங்க சொன்னாலும் கேக்கக் கூடாது. குடுக்கணும். அவ்ளோதான்ப்பா. இங்க விரல் வை."

நான் வைக்கவில்லை.

"அப்பா, எனக்கு கிளாஸ் இருக்கு. வைப்பா."

"இன்னொருக்காப் படி."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, வார்த்தை வார்த்தையாக, மறுபடியும் படித்தாள். என்ன ஆச்சு என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அவள் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லியே இந்தப் பிள்ளையை நான் இத்தனை தூரம் போகவிட்டிருக்கிறேன்.

8

அடுத்த நாள் கோச்சுக்குப் போன் செய்தேன்.

"மாதேசா? எங்கடா போய்த் தொலஞ்ச? கொடி ஏத்தறயாமா, சேகரன் சொன்னான்."

குரல் மெலிந்திருந்தது. நான் கருவியைப் பற்றிச் சொன்னேன். அவர் விடவில்லை. எந்த உயரத்தில் வைப்பார்கள், காற்றின் ஈரத்தை எப்படிப் பார்க்கும், சிவப்புக் கொடிக்கு எவ்வளவு நேரம் ஆடலாம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவர் எப்போதும் அப்படித்தான். ஆட்டம் சம்பந்தப்பட்ட எதையும் பாதியில் விடமாட்டார். பிறகு இன்னொன்று கேட்டார்.

"அன்னைக்கு அந்த மிசினு நம்மகிட்ட இருந்திருந்தா என்ன கொடிடா ஏறியிருக்கும்?"

"கறுப்புங்க சார்."

"அஞ்சு மணிக்கா?"

"மூணு மணிக்கேங்க."

 நான் அஞ்சலை அம்மா மேடைக்கு வருவதைச் சொன்னேன்.

"தெரியும். வேண்டாம்னு சொல்லச் சொல்லியிருக்கறேன்."

"எதுக்கு வேண்டாம்னு அந்தம்மாவுக்குச் சொன்னீங்களாங்க சார்?"

"மாதேசு, கல்லுல எம்பேரு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன. அன்னைக்குக் கையெழுத்துப் போட்ட பசங்க எல்லாம் இன்னைக்கு வேலையில இருக்கறானுங்க. ஒருத்தன் போலீசு. அவனுங்க பொய் எழுதிக் குடுத்தவனுங்கன்னு நான் மேடையில நின்னு சொல்லட்டுமா? நான் செத்ததுக்கப்பறம் சொல்லிக்க."

"அந்தப் புள்ளைக்குக் கல்யாணம் நிக்குதுங்க சார்."

  அவர் திட்டுகிற குரலில் அல்ல, கேட்கிற குரலில் சொன்னார்.

"விசில நான் மறந்துட்டேன். டீயக் குடிச்சுக்கிட்டு மறந்துட்டேன்டா. சாவி உங்கிட்டத்தான இருந்துச்சு? நீயாச்சும் தொறந்திருக்கலாமல்ல?"

பதினோரு வருடமாக இதை நான்தான் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். இன்னொருவர் கேட்டு இப்போதுதான் கேட்கிறேன்.

9

சேகரனிடம் அஞ்சலை அம்மாவின் நம்பர் கேட்டேன்.

"எதுக்குங்ண்ணா?"

சொன்னேன்.

"அது நம்ம எல்லாருக்கும் தெரிஞ்சதுதானுங்களே. இப்ப எதுக்கு? எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்குதுங்ண்ணா."

"உன்னப்பத்திச் சொல்லல சாமி. என்னப்பத்தி மட்டுந்தான்."

வைத்துவிட்டான். அரைமணி கழித்துச் செல்போனில் ஒரு நம்பர் வந்தது. வேறு ஒரு வார்த்தையும் இல்லை.

விழாவுக்கு ஐந்து நாள் இருந்தது. எனக்கு இங்கே காலை ஏழு மணி. கெங்கவல்லியில் மாலை ஐந்தரை. வாய்ப்பேச்சாகச் சொல்ல எனக்கு வராது. அதனால் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். வண்டியை மைதானத்தின் ஓரத்தில் நிறுத்தி உள்ளேயே உட்கார்ந்துகொண்டேன்.

எடுத்தது சுமதி.

"யாருங்க?"

"மாதேசுங்க. உங்க அண்ணன் படிச்ச காலேஜுல கிரவுண்டுக்காரனா இருந்தவன்."

"விழாவுக்காங்க? அம்மா வராங்க. புதுச்சேலகூட எடுத்தாச்சு."

"கொஞ்சம் கேளுங்க" என்று சொல்லிவிட்டுத் தாளைப் படித்தேன். ஐந்தாம் வகுப்பில் எழுந்து நின்று படிப்பதுபோலத்தான் படித்தேன். மூன்று மணி, வால்வு, பூட்டு, வராத விசில், கையெழுத்து. அந்தப் பக்கம் எங்கோ ஆடு கத்துவது கேட்டது. படித்து முடித்தேன்.

"அப்ப அண்ணனுக்கு நெஞ்சுல ஒண்ணும் இல்லீங்களா?"

"ஒண்ணும் இல்லீங்க. எல்லாரும் நின்னதுக்கப்பறமும் ஓடறவன்."

"தண்ணி கேட்டானா?"

அது தாளில் இல்லை. எழுதும்போது அதை மட்டும் விட்டிருந்தேன்.

"கேட்டானுங்க."

"யாருகிட்ட?"

"எங்கிட்டத்தாங்க."

"நீங்க என்னா சொன்னீங்க?"

"அஞ்சு நிமிசம்னு சொன்னேன்."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, "இருங்க" என்றாள். "இத நான் சொன்னா எங்கம்மா நம்பாது. கல்யாணத்துக்காக நானே கட்டிச் சொல்றேன்னு நெனைக்கும். நீங்களே சொல்லுங்க."

அவள் நடந்து போவது கேட்டது. அம்மா, அம்மா என்று இரண்டு முறை கூப்பிட்டாள். போன் கை மாறியது.

"அலோ, யாருப்பா? காலேஜா? நான் கட்டாயம் வரேன்னு சார்கிட்ட சொல்லிட்டீங்களா? எம்பையனால அவருக்கு எவ்ளோ..."

"அம்மா" என்றேன். "அம்மா, நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் சொல்றதக் கேளுங்க."

தாளின் அடியில் கொஞ்சம் இடம் இருந்தது. விட்டுப்போன அந்த வரியை அங்கே எழுதினேன். பிறகு முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.